வாசகர் கேள்வி பதில்: அரிசி மூட்டைக்கு முன்னால் ஜெபம் வேண்டாம்

போன மாத இதழில், கம்போடியாவில் செங்கல் சூளைக் குடும்பங்களுக்கு நடுவே 12 வருடம் கிறிஸ்தவ ஊழியம் செய்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சிங்கப்பூரில் 26 வருடம் தாதியாக வேலை பார்த்துவிட்டு, 49 வயதில், 2007-இல் அங்கே போனேன். 2019-இல் திரும்பி வந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. பாராட்டிய கடிதங்களைவிட, சந்தேகத்தோடும் கோபத்தோடும் கேட்ட கடிதங்கள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23. ஜூன் விடுமுறையில் எங்கள் சபையிலிருந்து 18 பேர் ஒரு வாரம் கம்போடியாவுக்கு மிஷன் ட்ரிப் போகிறோம். பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும், பரிசுப் பை கொடுப்பது என்று திட்டம். என் அண்ணன், 'டிக்கெட் காசை அனுப்பிவிட்டால் போதாதா? அங்கே பெயின்ட் அடிக்க ஆளில்லையா?' என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
- செங்காங் வாசகர்

பதில்: தம்பி, அண்ணன் கேட்டதை ஒதுக்கிவிடாதீர்கள். நான் இருந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு ஒரே வருடத்தில் மூன்று குழுக்கள் பெயின்ட் அடித்தன. முதலில் நீலம், அப்புறம் மஞ்சள், அப்புறம் மறுபடி நீலம். அதே பள்ளிக்கூடத்தின் கழிப்பறைக்குக் கதவு கிடையாது. பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் அதனாலேயே மத்தியானம் வீட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். வந்த மூன்று குழுவில் ஒருவர்கூட தலைமையாசிரியரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஊர்த் தச்சருக்கு அது இரண்டு நாள் வேலை, அவர் வீட்டுக்கும் இரண்டு நாள் கூலி.

பரிசுப் பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழு 60 பை கொண்டுவந்தது. பக்கத்துச் சூளையிலிருந்தும் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டதால் 71 பேர் ஆகிவிட்டார்கள். கடைசியில் வெறுங்கையோடு நின்றவர்களில் ஒரு பையன், ஏழு வயதிருக்கும், அழவில்லை. யாரோ பிரித்துப் போட்ட பிளாஸ்டிக் உறை தரையில் கிடந்தது. அதை எடுத்து, தொடையில் வைத்துச் சுருக்கம் நீவி, நாலாக மடித்து, கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். வேன் கிளம்பும்போது எல்லாரோடும் சேர்ந்து அவனும் கையாட்டினான். அந்தக் குழு எடுத்துக்கொண்டு போன படங்களில் அவன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான்.

அப்படியென்றால் போகவே கூடாதா? போங்கள். ஆனால் போவதற்கு முன்னால் அந்த ஊர்ச் சபைப் போதகருக்கும் ஆசிரியருக்கும் எழுதிக் கேளுங்கள். அவர்கள் 'வந்து எங்களோடு உட்கார்ந்திருங்கள், போதும்' என்று சொன்னால், அதை வேலை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெயின்டும் அரிசியும் அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள். தாய் தகப்பனைக் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். நம் பிள்ளைகளை யாராவது அப்படி எடுத்தால் நாம் சும்மா விடுவோமா? 18 பேர் வேண்டாம், ஆறு பேர் போங்கள். அடுத்த வருடமும் அதே ஊருக்கே போங்கள், அதற்கடுத்த வருடமும். மூன்றாவது தடவைதான் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றி உங்கள் சபையில் யாராவது சொல்லியிருக்கிறார்களா? 1874-இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். அங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். தமிழர் காசில், தமிழரை, நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யத்தில் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பக்கம் அனுப்பிய சங்கம் அது. பிறகு அவரே தெலுங்கு படித்துக்கொண்டு அங்கே போய்விட்டார். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, நீங்கள் ஏழைகளுக்காக உங்கள் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று கேட்டார். அந்த மண்டபத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்று பாஸ்போர்ட்டும் பணமும் இருக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். அவர் கேட்டது இப்போது நம்மைப் பார்த்துக் கேட்டது, தம்பி.

கேள்வி: நான் இந்து. உங்கள் கட்டுரையை மரியாதையோடுதான் படித்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பசித்தவனுக்குச் சோறு போட்டு மதம் மாற்றுவது நியாயமா? அவன் சாமி அவனுக்கு இல்லையா?
- புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: ஐயா, வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. நியாயமில்லை. நான் பார்க்காதது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. என் ஊழியத்திலேயே அது நடந்தது.

முதலில் அந்த ஜனங்கள் யார் என்று சொல்கிறேன். தலைநகர் நோம்பென்னுக்கு வடக்கே, மேகோங் ஆற்றங்கரையோரம், காண்டால் மாகாணத்தில் சூளைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே கல் அறுக்கிறவர்கள் பெரும்பாலும் சொந்த ஊரில் விவசாயம் பார்த்தவர்கள். மழை பொய்க்கும், அல்லது வீட்டில் ஒருவர் நோயில் விழுவார். சிறுகடன் நிறுவனத்தில் நிலப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்குவார்கள். கட்ட முடியாமல் திணறும்போது சூளை முதலாளி வந்து அந்தக் கடனை அடைப்பார். அதற்குப் பதிலாகக் குடும்பமே சூளைக்குக் குடிவந்து, தகரக் கொட்டகையில் தங்கி, கடன் தீரும்வரை வேலை செய்ய வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மே முதல் அக்டோபர் வரை மழை. பச்சைக் கல் காயாது. கல் காயாவிட்டால் கூலி இல்லை, கூலி இல்லாவிட்டால் அரிசிக்கு அதே முதலாளியிடம் மறுபடி கடன். நம் தாத்தாக்களில் பலர் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள்தானே? முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. என் பாட்டி சொன்ன கதையை வேறு மொழியில் கேட்டதுபோல் இருந்தது.

2009-இல், மழை மாதத்தில், வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. 40 குடும்பங்களுக்குப் பத்துப் பத்துக் கிலோ அரிசி. மூட்டைகளை முன்னால் அடுக்கி வைத்துவிட்டு, அதன் பின்னால் நின்றுகொண்டு குழுத் தலைவர் அரை மணி நேரம் பேசினார். முடிவில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். மொழிபெயர்த்தது நான். நாற்பது வீட்டிலிருந்தும் வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். எங்கள் பக்கத்துக் கொட்டகைப் பாட்டி ஒரு கையை மூட்டை மேல் வைத்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த களிமண்.

அன்று சாயங்காலம் பாட்டி என்னைத் தேடி வந்தார். "மகளே, அடுத்த மாதமும் கை தூக்கணுமா, ஒரு தடவை தூக்கினால் போதுமா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. கோயிலுக்குப் புதிதாகப் போகிறவர் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கேட்பதுபோல, முறை தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "தூக்க வேண்டாம் பாட்டி, இனிமேல் யாரும் கேட்க மாட்டார்கள்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையில் ஒரு விதி வைத்தோம். அரிசி கொடுக்கிற இடத்தில் ஜெபம் இல்லை, ஜெபம் நடக்கிற இடத்தில் அரிசி இல்லை. யாருக்கு உதவி வேண்டும் என்ற பட்டியலைச் சூளைப் பெண்களே போட்டார்கள். எங்களோடு ஜெபிக்க விரும்பியவர்கள் வியாழக்கிழமை ராத்திரி ஒரு வீட்டில் கூடினார்கள். நாற்பது பேர் ஆறு பேராகக் குறைந்தார்கள். ஊழியத்துக்குப் பணம் அனுப்பியவர்களில் சிலர் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கேட்டு எழுதினார்கள், இரண்டு பேர் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஆறு பேரை நினைத்து நான் ஒருநாளும் வெட்கப்பட வேண்டியிருக்கவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது, ஐயா. கம்போடியாவில் பௌத்தம் அரசு மதம், மற்ற மதத்தவர் வழிபடவும் உரிமை உண்டு. வீடு வீடாகப் போய் மதம் பரப்புவதும், பணமோ பொருளோ காட்டி மாற்றுவதும் கூடாது. நேப்பாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி பிறரை மதம் மாற்றினால் ஐந்து வருடம்வரை சிறை. ஊழியத்துக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் எதிரியின் சட்டமாகப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். ஏழையின் பசியைப் பிறர் பயன்படுத்திக்கொள்வார்களோ என்ற பயத்தில் பிறந்த சட்டமும் அதில் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு.

நான் இயேசுவைப் பற்றிப் பேசவே இல்லையா? பேசினேன். அவரை நம்பித்தான் வீட்டை விட்டே கிளம்பினேன், மறைக்க என்ன இருக்கிறது? கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்களோடு கல் அடுக்கினேன்.

அந்தப் பாட்டி கடைசிவரை பௌத்தராகவே இருந்தார். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பச்சும் பென் என்று முன்னோருக்கான பதினைந்து நாள் வரும், நம் மகாளய பட்சத்தை ஒட்டியே. அந்த 'பென்' நம் பிண்டம் என்ற சொல்தான். பாட்டிக்குப் புருஷனும் மூன்று பிள்ளைகளும் போல் போட் ஆட்சியில், 1975-க்கும் 1979-க்கும் நடுவில் போனவர்கள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. விடியும் முன்னே விகாரையில் சோற்று உருண்டை போடப் போகும்போது என்னைத் துணைக்குக் கூப்பிடுவார். நான் உருண்டை போடமாட்டேன், அது அவருக்கும் தெரியும். டார்ச் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பேன். நாலு பெயரையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது பக்கத்தில் நிற்பேன். திரும்பி வந்து பாத்திரம் கழுவிக் கொடுப்பேன். அவருடைய சாமி அவருக்கு இருந்தது, ஐயா. நான் அவருக்குத் தோழியாக இருந்தேன்.

கேள்வி: என் ஒரே மகள், வயது 27, தாதியாக இருக்கிறாள். மூன்று வருடம் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறாள். கல்யாணமும் ஆகவில்லை. அவள் அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். தேவனுடைய அழைப்பு என்கிறாள். அழைப்பு என்று சொன்னால் பெற்றவள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?
- யீஷூன் வாசகி

பதில்: மூட வேண்டாம், அம்மா. அழைப்பு உண்மையென்றால் அது பெற்றவளின் கேள்வியைத் தாங்கும்.

மகளிடம் இதையெல்லாம் கேளுங்கள். அனுப்புகிற அமைப்பு எது? அங்கே அவளுக்கு மேல் பொறுப்பில் இருப்பவர் யார், அந்த ஊர்க்காரரா? உடம்பு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, யார் கூட்டிவருவார்கள்? ராத்திரி தனியாக இருப்பாளா? வருடத்துக்கு எத்தனை நாள் வீட்டுக்கு வருவாள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாத அமைப்போடு அனுப்பாதீர்கள். முதலில் ஒரு மாதம் போய் இருந்து பார்க்கட்டும். முடிந்தால் நீங்களும் ஒரு வாரம் போய் அவள் தூங்கப்போகிற கட்டிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவள் அப்பாவும் வந்தால் இன்னும் நல்லது. அப்பாமார்கள் பேச்சை நிறுத்துவது பெரும்பாலும் பயத்தில்தான்.

தாதிக்கு அங்கே என்ன வேலை என்று யோசிப்பீர்கள். அங்கே உரிமம் இல்லாமல் ஊசி போடவோ மருந்து கொடுக்கவோ கூடாது. நானும் செய்யவில்லை. ஆனால் பழகின கண் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி ஒரு தாய் சந்தோஷமாக வந்து, நாலு நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, குழந்தை அமைதியாகத் தூங்குகிறது என்றாள். போய்த் தொட்டுப் பார்த்தேன். நெற்றி சுடவில்லை. கையும் காலும் ஜில்லென்று ஈரமாக இருந்தன, உதடு வெளுத்திருந்தது. டெங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். டுக் டுக் பிடித்து நோம்பென்னில் கந்தா போபா மருத்துவமனைக்கு ஓடினோம். சுவிட்சர்லாந்து மருத்துவர் பியாட் ரிக்னர் 1992-இல் மறுபடி திறந்து நடத்திய குழந்தைகள் மருத்துவமனை அது, காசு வாங்குவதில்லை. குழந்தை பிழைத்தது. உங்கள் மகளுக்கும் அந்தக் கண் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் போன ஐந்தாவது வருடம் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. எட்டு மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங் மோ கியோ வீட்டில் அம்மாவோடு இருந்தேன். கலப்பையில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லை என்று வேதத்தில் ஒரு வசனம் உண்டு. அதை வைத்து, கலப்பையில் கைவைத்தவள் திரும்பிப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்த ஒரு விசுவாசி சொன்னார். அந்த வார்த்தை இன்றும் வலிக்கிறது. தாயைக் கனம்பண்ணு என்பதும் தேவன் தந்த கட்டளைதானே? மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: நாங்கள் விழுந்தால் நீ வர வேண்டும், வருவதற்கு வெட்கப்படக் கூடாது என்று.

1887-இல் சொஃபியா பிளாக்மோர் என்ற கல்யாணமாகாத ஆஸ்திரேலியப் பெண் சிங்கப்பூருக்கு வந்து, ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். உங்களை வற்புறுத்த இதைச் சொல்லவில்லை, அம்மா. அவருக்கும் வீட்டில் ஒரு தாய் கவலைப்பட்டிருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

கேள்வி: கம்போடியர்கள் பேசும் கெமர் மொழி கற்பது கடினமா? மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாதா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: ஒரு வாரத்துக்குச் சமாளிக்கலாம். அழுகிறவளை மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு தேற்ற முடியாது. நான் முதல் வருடம் முழுக்க நோம்பென்னில் உட்கார்ந்து மொழி மட்டும்தான் படித்தேன். சபையில் சிலருக்கு அது வீண் செலவாகத் தெரிந்தது.

நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. தாய்லாந்து, வியட்னாம் மொழிகள்போலச் சுருதி மாற்றினால் அர்த்தம் மாறுகிற தொல்லையும் இல்லை. உயிரொலிகள்தான் படுத்தும். 'சொக் சபாய் தே?' என்று நலம் விசாரிப்பார்கள். அந்த 'சொக்' நம் சுகம். ஆசிரியர் 'க்ரூ', அதாவது குரு. 'முக்' என்றால் முகம். இதெல்லாம் சமஸ்கிருதம் வழியாக இரண்டு பக்கமும் வந்தவை. ஆனால் எனக்கு மிகவும் உதவிய வாக்கியம் 'ஞாம் பாய் ஹாய் நௌ?' சோறு சாப்பிட்டாச்சா என்று கேட்பது. நம் ஊரில் கேட்பதுபோலவே, வழியில் பார்த்தால் அவர்களும் அதைத்தான் கேட்பார்கள். முதல் மூன்று மாதம் எனக்கு அது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது. பிறகு சூளைக்குப் போனபோது, அதில் ஆரம்பித்தே பாதிச் சூளையோடு பழகிவிட்டேன்.

கேள்வி: எங்கள் 40-ஆவது கல்யாண நாளுக்கு வெளிநாட்டில் ஒரு அநாதை இல்லம் கட்டித்தர ஆசை. கம்போடியாவில் எந்த இடம் நல்லது?
- தெம்பனிஸ் தம்பதியர்

பதில்: உங்கள் மனசு பெரியது. ஆனால் தயவுசெய்து கட்டாதீர்கள்.

கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் வெளியே கொண்டுவந்தது. மூன்று வேளைச் சோறும் இங்கிலீஷும் கிடைக்கும் என்று ஏழைத் தாய் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறாள். இல்லம் கட்டக் கட்டப் பிள்ளைகளும் வந்துகொண்டே இருக்கிறார்கள். சூளையில் ஒரு தாய் என்னிடமும் வந்தாள். ஒன்பது வயது மகனை எங்காவது சேர்த்துவிடக் கேட்டாள். அவன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று விசாரித்தால், பிறப்புச் சான்றிதழ் இல்லை, பள்ளிக்கூடம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தினமும் ஆசிரியர் வாங்குகிற சில நூறு ரியலும் இல்லை. சான்றிதழுக்கு நாலு தடவை அலுவலகத்துக்கு அலைந்தோம். ஜப்பானிலிருந்து வருகிற பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். பையன் ராத்திரி அம்மா பக்கத்திலேயே படுத்தான்.

அந்தப் பணத்தைப் பிள்ளைகளைக் குடும்பத்தோடு வைத்துக்கொள்ள உதவுகிறவர்களுக்குக் கொடுங்கள். கட்டடம் இருக்காது, கல்வெட்டில் உங்கள் பெயரும் இருக்காது. சரிதானா என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: முழுநேர ஊழியத்துக்குப் போனால் மசேநிதி (மத்திய சேமநிதி), காப்புறுதி எல்லாம் என்ன ஆகும்?
- உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: இதைக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லை, தங்கச்சி. சம்பளம் இல்லையென்றால் மசேநிதியில் தானாக எதுவும் சேராது. அனுப்புகிற அமைப்பு கட்டுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே விரும்பி ஒரு தொகையைக் கட்டி வரலாம். நம் அரசாங்க மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்ட் லைஃப் வெளிநாட்டு மருத்துவமனைச் செலவுக்கு உதவாது, தனிக் காப்புறுதி எடுங்கள். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, வெறிநாய்க்கடி ஊசிகளைக் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் நாலு வருடம் மசேநிதியில் ஒன்றும் கட்டவில்லை, இப்போது அது தெரிகிறது.

கேள்வி: அக்கா, நான் ராமநாதபுரம் பக்கத்து ஆள். துவாஸில் கட்டுமான வேலை, விடுதியில் இருக்கிறேன். எட்டாவதுவரைதான் படிப்பு. மிஷனரியாகப் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. ஏஜென்ட் கடன் இன்னும் முடியவில்லை. என் பக்கத்துக் கட்டிலுக்கு வங்காளதேசப் பையன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. அவனுக்காக ஜெபம் பண்ணுகிறேன். என்னைப் போன்றவனை யாராவது ஊழியத்துக்கு அனுப்புவார்களா?
- துவாஸ் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் அதிகத் தடவை படித்தேன். வீட்டை விட்டு, கடல் தாண்டி, கடனோடு இருக்கிற ஜனங்களுக்கு நடுவில் படுத்து எழுகிறீர்கள். அந்த இடத்துக்குப் போய்ச் சேர எனக்கு இரண்டு வருடமும் ஒரு மொழியும் தேவைப்பட்டன. அப்போதும் ராத்திரி நான் தனி அறைக்குத்தான் போனேன். கடன் என்றால் என்ன என்று சூளைக்காரர்கள் எனக்கு விளக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். படிப்பைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். கடன் முடிந்த பிறகு அதைப் பேசுவோம், எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அந்தப் பையன் விஷயம் காத்திருக்காது. அவன் மார்க்கம் வேறாக இருக்கலாம். சுவிசேஷத் துண்டுப்பிரசுரம் எதுவும் கொடுக்காதீர்கள். அவன் கட்டில் ஓரமாக உட்காருங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். காய்ச்சலா என்று தொட்டுப் பாருங்கள். உடம்பு சரியில்லை என்றால், கேலாங்கில் வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே ஹெல்த்சர்வ் கிளினிக் இருக்கிறது, கூடப் போங்கள். ஊரில் யாருக்காவது ஒன்று ஆகியிருக்கலாம், வீட்டுக்குப் போன் பேசக் காசு இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளப் பிரச்சினை என்றால் மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ சொல்லலாம் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கும்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தயங்குவீர்கள். வங்காளதேசத்தில் 'பாத் காய்சோ?' என்று கேட்பார்கள். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். விடுதியில் வேறு வங்காளதேசத் தம்பி யாரிடமாவது உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டு, இன்று ராத்திரியே கேளுங்கள்.